விடைபெறல் துணைக்குழு

சடையனின் படகு பிடிபட்ட மறுநாள், எலிசபெத் அலைச்சொல் இலக்கியப் பெருவிழாவின் வலைப்பூ தன்னார்வலர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாக இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். விழா முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. முடிந்துபோன விழாவிலிருந்து விலகுவதற்குக் கடிதம் எதற்கு என்று அவள் கணவன் ஆல்வின் கேட்டான். இணையத்தில் தன் பெயர் இன்னும் கிடக்கிறது, முதலில் அதை எடுக்க வேண்டும் என்றாள்.

அரைமணி நேரத்தில் பதில் வந்தது. பதினொரு பக்கம். தலைப்பு, 'தன்னார்வலர் விடைபெறல் நெறிமுறை'. விடை என்பது பெறப்படுவது. ஒருவர் தானாக எடுத்துக்கொள்ளக்கூடியது அல்ல என்று அதன் முதல் பத்தி விளக்கியது. விடை பெற விரும்புவோர் விடைபெறல் துணைக்குழுவின் நேர்காணலில் கலந்துகொள்ள வேண்டும். அறுநூறு சொற்களில் நெகிழ்ச்சியான விடைபெறல் பதிவு எழுதி, அதை மூன்று அடுக்குச் செம்மைக்கு அனுப்ப வேண்டும். பிறகு விடைபெறல் விழாவில் அதை மேடையில் வாசிக்க வேண்டும். இவை முடியும்வரை தன்னார்வலரின் பெயரும் படமும் விழாவின் உடைமைகள்.

எலிசபெத் ஏரிக்கரை மீனவ ஊரான தோணிரேவுக்காரி. பழவேற்காடு பஜாரில் கோமளா நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் எட்டு வருடமாக மனு அடிக்கிறாள். ரேஷன் கார்டு, விதவை உதவித்தொகை, டீசல் மானியம், எதுவானாலும் அவளிடம் வருவார்கள். வருகிறவர்கள் தங்கள் கதையை முழுதாகச் சொல்வார்கள். அவள் கேட்டுக்கொண்டே தேவையானதை மட்டும் அடித்துக் கொடுப்பாள். விழாவின் உள்ளடக்க ஒருங்கிணைப்பாளர் பவித்ரா டிசம்பரில் அடையாள அட்டை பிரிண்ட் எடுக்க வந்தவள், எலிசபெத் தட்டச்சு செய்யும் வேகத்தைப் பார்த்து, உங்கள் விரல்களில் ஏரி இருக்கிறது என்றாள். எலிசபெத் தன் விரல்களைப் பார்த்தாள். டோனர் மைதான் இருந்தது. ஆனாலும் வலைப்பூ எழுத வர முடியுமா என்று பவித்ரா கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிட்டாள். எட்டு வருடத்தில் 'ஐயா' என்று தொடங்காத ஒன்றை அவள் எழுதியதே இல்லை.

விழா மூன்று நாள். மேடை தோணிரேவு கரையில், படகுகள் வந்து சேரும் இடத்திலேயே அமைந்தது. படகுகளைக் கோட்டைக்குப்பம் பக்கம் கொண்டுபோய்க் கட்டச் சொன்னார்கள். 'கரையோர மக்களின் குரல்' என்ற அமர்வில் நால்வர் பேசினார்கள். மூவர் சென்னையிலிருந்து வந்தவர்கள், நான்காமவர் காணொளியில் வந்தார். கரையோர மக்களிடம் அடையாள அட்டை இல்லாததால் கயிற்றுக்கு வெளியே நின்று கேட்டார்கள். இரண்டாம் நாள் 'மௌனத்தின் அழகியல்' அமர்வு நடந்தபோது, மீன் பிடித்துத் திரும்பிய ஒன்பது படகுகளை எஞ்சினை அணைத்துவிட்டு ஏரி நடுவிலேயே நிற்கும்படி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றதில் பாதி மீன் வதங்கிப்போனது. எலிசபெத் அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். மாலையில் வலைப்பூவில் அது, 'ஒன்பது படகுகளும் ஏரியின் நடுவே நின்று மௌனத்தில் பங்கேற்றன' என்று வெளிவந்தது.

பவித்ராவிடம் கேட்டாள். மொழிச் செம்மை, உணர்வுச் செம்மை, நிறுவனச் செம்மை என்று மூன்று அடுக்கு இருக்கிறது, உணர்வுச் செம்மையில் எரிச்சல் ஏக்கமாக மாற்றப்படும், அது வழக்கம்தான் என்றாள் பவித்ரா. எலிசபெத் பதிவை மறுபடி திறந்து பார்த்தாள். பதிவின் கீழே அவள் பெயர் இருந்தது, படமும் இருந்தது. சூளூர்பேட்டையில் இருக்கும் அவள் சித்தி மகள் பிரின்சி அதைப் பார்த்துவிட்டு போன் செய்து, அக்கா நீ ரைட்டரா என்று கேட்டிருந்தாள். இல்லை என்று சொல்ல எலிசபெத்துக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள்தான் படகு விஷயம் நடந்தது. சடையனின் ஃபைபர் படகை மேடைக்குப் பக்கத்தில் அலங்காரத்துக்கென்று இழுத்து வைத்திருந்தார்கள். ஆல்வின் அந்தப் படகில்தான் வேலைக்குப் போகிறான். விழா இயக்குநர் பிரபாகரன் படகின் முகப்பில் இருந்த பதிவு எண்ணைப் பார்த்துவிட்டு, கையில் ஒலிவாங்கி இருந்ததால், அங்கேயே பேசினார்.

"ஒரு படகை எண்ணால் அழைப்பது வன்முறை நண்பர்களே. கைதிக்குத்தான் எண். எண்கள் கரையட்டும், எழுத்துகள் மிதக்கட்டும்."

கூட்டம் கைதட்டியது. அந்தக் கடைசி வாக்கியத்தையே படகில் எழுதிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். சடையன் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்தபோது முகப்பின் இரண்டு பக்கமும் நீலமாக இருந்தது. நீலத்தின் மேல் வெள்ளையில் பிரபாகரனின் வரி. வாட்டர் பெயிண்ட்தான், தண்ணீர் பட்டால் போய்விடும் என்று அவரைச் சமாதானப்படுத்தி, தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் பட்டது. போகவில்லை.

'படகுக்காரர் சாப்பிடப் போயிருந்தபோது எண்ணை மறைத்து வண்ணம் அடித்தார்கள். வந்து பார்த்து வருத்தப்பட்டார்' என்று எலிசபெத் எழுதினாள். வெளிவந்தது வேறு. 'தோணிரேவின் சடையன் தன் படகின் எண்ணைத் தன் கையாலேயே அழித்து, அதை இலக்கியத்துக்கு அர்ப்பணித்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.' எழுதியவர், எலிசபெத். இது தவறு என்று பவித்ராவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டாள். பவித்ரா ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள். எலிசபெத் அதோடு விட்டுவிட்டாள்.

விழா முடிந்த எட்டாம் நாள் சுண்ணாம்புக்குளம் பக்கம், மாநில எல்லைக்கு அருகில், சோதனைப் படகு சடையனையும் ஆல்வினையும் மறித்தது. எண் இல்லாத படகு எந்த மாநிலத்துப் படகு என்று கேட்டார்கள். சடையன் பெயிண்டைக் காட்டினார். அந்த வரியைப் படித்துப் பார்த்த சோதனை அதிகாரி மூர்த்திக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. எண்ணை யார் அழித்தது என்று கேட்டார். விழாக்காரர்கள் என்றார் சடையன். மூர்த்தி போனை எடுத்து விழாவின் பெயரைத் தேடினார். எலிசபெத்தின் பதிவு வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் சேர்த்து, படகைச் சோதனைச் சாவடி வளாகத்தில் ஏற்றிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் சடையன் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார். மூர்த்தி கொடுத்த பிரதி கையில் இருந்தது. அவருக்கு எண்கள் நன்றாகத் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். படித்துக் காட்டச் சொன்னார். எலிசபெத் படித்தாள். கோமளாவும், மனு அடிக்க வந்திருந்த இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நானே அயிச்சேன்னு எய்தி வச்சிகிறியே, இன்னாமா இது?"

"நான் அப்படி எழுதலண்ணா. அவங்க மாத்திட்டாங்க."

"கீய உன் பேரு கீதே."

மாற்றியதை எப்போது பார்த்தாய் என்று அவர் கேட்டார். அன்று சாயங்காலமே பார்த்தேன் என்றாள். சடையன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வர்ற செவ்வாய்க்கியம நம்ம பாடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை கட்டுவது என்பது முறை வைத்து வரும். அதுதான் பாடு. அன்றைக்குப் படகு இல்லையென்றால் அந்த முறை போனதுதான், அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். இறால் ஓடும் மாதத்தில் வருகிற முறை இது ஒன்றுதான். சடையன் குடும்பத்துக்கு மட்டுமல்ல, ஆல்வின் குடும்பத்துக்கும்.

அன்றுதான் அவள் விலகல் கடிதம் அனுப்பினாள். பதினொரு பக்கத்தைப் படித்து முடித்ததும், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்து விடுதியில் இன்னும் தங்கியிருந்த விழாக் குழுவைப் பார்க்கப் போனாள். பிரபாகரன் அன்பாகவே பேசினார். வண்ணம் அடித்தது விழாதான் என்று ஒரு கடிதம் தருவதில் தனக்குத் தயக்கமே இல்லை என்றார். ஆனால் ஒரு நிறுவனம் இரண்டு குரலில் பேசக் கூடாது. வலைப்பூ ஒன்று சொல்ல, கடிதம் வேறு சொல்லக் கூடாது. ஆகவே முதலில் வலைப்பூ மாற வேண்டும். வலைப்பூவை எழுதியவர்தான் மாற்ற முடியும். எழுதியவர் விலகல் கடிதம் கொடுத்துவிட்டதால் அவருடைய அடுத்த பதிவு விடைபெறல் பதிவாகத்தான் இருக்க முடியும்.

"நீங்க விடைபெற்றுட்டா எல்லாம் தானா சரியாயிடும்மா" என்றார்.

நேர்காணல் வெள்ளிக்கிழமை காணொளியில் நடந்தது. துணைக்குழுவில் மூன்று பேர். விழா தன்னை எவ்வளவு மாற்றியிருக்கிறது என்பதைப் பத்துக்குள் ஒரு மதிப்பெண்ணாகச் சொல்லச் சொன்னார்கள். எலிசபெத் யோசித்து இரண்டு என்றாள். எட்டுக்குக் கீழே படிவம் ஏற்காது என்றார் ஒருவர். அப்படியானால் எட்டு என்றாள். எட்டு ஏன் பத்தாகவில்லை என்று அரைமணி நேரம் கேட்டார்கள். சடையனின் படகு பற்றி அவள் சொன்னதை மூவரும் குறித்துக்கொண்டார்கள். நேர்காணல் அறிக்கையில் அது 'பிரிவின் துயரைப் படகாக உருவகிக்கிறார்' என்று இருந்தது.

விடைபெறல் பதிவை அன்றே எழுதி அனுப்பினாள். நடந்ததை மட்டும் எழுதியிருந்தாள். மூன்று அடுக்கும் கடந்து திரும்பி வந்தபோது அதில் சூரியன் ஏரியில் விழுந்துகொண்டிருந்தது, பூநாரைகள் சொற்களைக் கொத்தின, சடையன் மறுபடியும் கண் கலங்கினார். இதைத்தான் மறுநாள் வாசிக்க வேண்டும் என்று பவித்ரா சொன்னாள்.

எலிசபெத் மனு அடிக்கிறவள். எந்தக் காகிதத்தையும் கடைசி வரிவரை படிக்கும் பழக்கம் உண்டு. நெறிமுறையின் ஒன்பதாம் பக்கத்தில், விடைபெறல் விழா மேடையில் வாசிக்கப்படுவதே அதிகாரபூர்வப் பதிவாகக் கொள்ளப்படும் என்று இருந்தது. எழுதி அனுப்புவது அல்ல, வாசிக்கப்படுவது. அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டாள்.

சனிக்கிழமை பழவேற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. நாற்பது தன்னார்வலர்கள் விடைபெற இருந்தார்கள். முதலில் பிரபாகரன் பேசினார்.

"இந்த ஏரிக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். நாங்கள் வரும்வரை இங்கே மீன் இருந்தது. மீன் என்ற படிமம் இல்லை. அதைக் கொடுத்தோம். தன்னார்வலர்களுக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. நன்றி சொன்னால் அது வேலையாகிவிடும். வேலையென்றால் சட்டம் வந்துவிடும். அன்பில் சட்டத்துக்கு என்ன இடம்?"

மண்டபத்தில் சடையனும் ஆல்வினும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எலிசபெத் ஆல்வின் மூலம் கேட்டுக்கொண்டதால்தான் சடையன் வந்திருந்தார். பதினேழாவதாக அவள் பெயர் அழைக்கப்பட்டது. பவித்ரா கொடுத்த தாளை மடித்து வைத்துவிட்டு, தான் கொண்டுவந்த தாளைப் பிரித்தாள்.

"தோணிரேவு, ஆல்வின் மனைவி எலிசபெத் ஆகிய நான், சுயநினைவோடு எழுதி வாசிக்கும் வாக்குமூலம்" என்று தொடங்கினாள். தேதி சொன்னாள், நேரம் சொன்னாள். சடையன் அப்போது எங்கே இருந்தார், என்ன வண்ணம், யார் அடிக்கச் சொன்னது, யார் அடித்தது, அவர் வந்து என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று வரிசையாகச் சொன்னாள். தன் பெயரில் வந்த பதிவு தான் எழுதியது அல்ல என்றும், அதை அன்றே பார்த்தும் சும்மா இருந்தது தன் தவறு என்றும் சொல்லி முடித்தாள்.

பின்வரிசையில் சடையன் தலை குனிந்திருந்தார். எலிசபெத் தாளை மடித்தாள். அப்போது பிரபாகரன் எழுந்து நின்று கைதட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். கைதட்டல் நிற்க வெகு நேரமாயிற்று. பிரபாகரன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தமிழுக்கு ஒரு புதிய வடிவம் கிடைத்திருக்கிறது, மனுவின் மொழியிலேயே ஒரு சிறுகதை, நிறுவனத்தையே எதிர்க்கும் துணிச்சலை இந்த நிறுவனமே ஊட்டியிருக்கிறது என்றார். அங்கேயே அதை விழாவின் சிறந்த கதையாக அறிவித்து, அவள் தோளில் பொன்னாடை போர்த்தினார். எலிசபெத் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கி, இது கதை இல்லை சார் என்றாள். அதற்கும் கைதட்டினார்கள்.

சடையன் அதற்குள் வெளியே போய்விட்டிருந்தார்.

ஞாயிறு காலையில் வாக்குமூலம் வலைப்பூவில் வந்தது. ஒரு சொல் மாறவில்லை. 'புனைவு' என்ற பகுதியில் வந்திருந்தது. கீழே, இதில் வரும் பெயர்களும் சம்பவங்களும் முற்றிலும் கற்பனையே என்று ஒரு வரி இருந்தது. விடுதிக்கு ஓடினாள். பிரபாகரன் சென்னைக்குக் கிளம்பிவிட்டிருந்தார். ஆனால் வாக்குக் கொடுத்தபடி கடிதத்தைத் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தார். 'திருமதி எலிசபெத் அவர்களின் பரிசு பெற்ற கதையில் இடம்பெறும் சடையன் என்னும் பாத்திரம் உண்மையில் இருக்கிறாரா என்பது குறித்து நிறுவனம் கருத்துக் கூற இயலாது. ஆயினும் அவருக்கு எங்கள் வாழ்த்துகள்.'

திங்கட்கிழமை சென்டருக்கு லீவு சொல்லிவிட்டுச் சோதனைச் சாவடிக்குப் போனாள். மூர்த்தி பொறுமையான மனிதர். முதல் பதிவு, புனைவு, கடிதம் மூன்றையும் மேஜையில் பரப்பி இரண்டு தரம் படித்தார். நீங்கள் சொல்வதுதான் நிஜம் என்று எனக்கே தெரிகிறது, ஆனால் கோப்புக்குத் தெரியாதே என்றார். செய்தி என்று போட்டிருப்பதில் அவரே அழித்தார் என்று இருக்கிறது. மற்றவர் அழித்தார் என்பது கதை என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கதையைக் கோப்பில் சேர்க்க முடியாது.

வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். மூர்த்தி முதல் பதிவை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

"அந்தப் பதிவை எழுதினவங்களே வந்து, அது நான் எழுதின பொய்னு கையெழுத்துப் போட்டா, அது செல்லாமப் போயிடும். அப்புறம் சடையன் சொல்றது மட்டும்தான் நிக்கும். அவங்க மாத்திட்டாங்கன்னு எழுதினீங்கன்னா நான் அவங்ககிட்ட விளக்கம் கேக்கணும். அவங்க இந்த மாதிரி இன்னொரு லெட்டர் அனுப்புவாங்க. படகு இங்கயே கெடக்கும்."

எலிசபெத் வெளியே வந்து வளாகத்தைப் பார்த்தாள். கருவேல நிழலில் படகு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. நீலம் கொஞ்சமும் மங்கவில்லை. ஆல்வினுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். நாளைக்குப் பாடு என்றான் அவன். கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ சொல்லவில்லை.

உள்ளே போய் வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினாள். இத்தனை வருடத்தில் தனக்கென்று அவள் எழுதிய முதல் மனு அதுதான். தோணிரேவு எலிசபெத் ஆகிய நான், சடையன் என்பவரைப் பற்றி உண்மைக்குப் புறம்பாக எழுதி என் பெயரில் வெளியிட்டேன் என்று ஒரே வாக்கியம். 'வெளியிட்டேன்' என்ற சொல்லில் பேனா நின்றது. வேறு சொல் யோசித்தாள். வரவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மூர்த்தி அதை வாங்கி, எழுத்து அழகாக இருக்கிறது என்றார். மனிதருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை போலும்.

எண்ணை எழுதிய பிறகே படகு தண்ணீரில் இறங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுவிப்புச் சீட்டு அன்று மாலையே கிடைத்தது.

செய்தி அவளுக்கு முன்னால் பஜாருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கோமளா கோபப்படவில்லை. நீ எதற்காகச் செய்தாய் என்று எனக்குத் தெரியும், ஆனால் பொய் எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டவள் அடித்த மனு என்றால் ஆபீஸில் இரண்டு தரம் பார்ப்பார்கள் என்றாள். இனி கொஞ்ச நாள் ஜெராக்ஸ் பக்கம் இருந்துகொள்ளச் சொன்னாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று எலிசபெத் கேட்கவில்லை.

அன்றே பவித்ராவிடமிருந்தும் செய்தி வந்தது. சிறந்த கதையை எழுதியவர் என்பதால் எலிசபெத்தின் பெயரை நீக்க வழியில்லை, அவள் இனி தன்னார்வலர் அல்ல, விழாவின் நிரந்தரப் படைப்பாளி என்று துணைக்குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது என்றாள். நிரந்தரப் படைப்பாளிகளுக்கு விடைபெறல் கிடையாது. எலிசபெத் பதில் எழுதாமல் பவித்ராவின் எண்ணைத் தடை செய்தாள். அவளுக்குத் தெரிந்த விடைபெறல் அவ்வளவுதான்.

செவ்வாய் விடிந்ததும் ஆல்வின் சாவடி வளாகத்தில் பிளேடை வைத்து நீலத்தைச் சுரண்டினான். முழுதாகப் போகவில்லை. வெள்ளையைக் குழைத்து மேலே பூசி, காய்ந்ததும் எண் எழுத ஆள் வேண்டியிருந்தது. ஆல்வினுக்குக் கை நிற்காது. எலிசபெத் கறுப்பு டப்பாவும் தூரிகையும் எடுத்துக்கொண்டு முகப்பருகே வந்தாள். அன்று சென்டருக்கு வந்துபோன பிறகு சடையன் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

என்ன எண் என்பது அவளுக்கே தெரியும். டீசல் மானியத்துக்கு எத்தனையோ தரம் அடித்திருக்கிறாள். அவள் தூரிகையைத் தோய்த்ததும் சடையன் கிட்ட வந்தார். சட்டைப் பையிலிருந்து விடுவிப்புச் சீட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

"நீயா எய்தாத. நான் சொல்லச் சொல்ல எய்து."

ஒரு எழுத்துச் சொன்னார். அவள் எழுதினாள். சீட்டைப் பார்த்தார், படகைப் பார்த்தார், பிறகு அடுத்ததைச் சொன்னார். ஏரியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பாடு தொடங்க நேரமாகிக்கொண்டிருந்தது, ஆல்வின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றான். சடையன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார். கடைசி எண்ணை எழுதி முடித்து அவள் தூரிகையை எடுத்தபோது, அவர் மறுபக்கம் சுற்றிப் போய் நின்று, சீட்டை மறுபடி விரித்து, முதல் எழுத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.